வலமிருந்து இடமாக

இந்தக் கை என்னுடையதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. தோளிலிருந்து அறுபடாமல்தான் இறங்குகிறது, மோதிரம் கழற்றிய விரலில் அதன் தடம் இருக்கிறது, மணிக்கட்டில் விசில் கயிறு உரசி உரசிக் கறுத்த பழைய வடு இருக்கிறது. ஆயினும் பேச்சி அதைத் தூக்கித் தலையணையின்மேல் வைத்து, ஈரப்பஞ்சு சுற்றிய தகடுகளைப் பட்டையால் கட்டும்போது, அவசரமாகக் கடைக்குப் போகும் யாரோ சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறேன். பேச்சி கரண்ட்டைக் கூட்டுகிறாள். விரல்கள் துள்ளுகின்றன. துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. "தெரியுதா டீச்சர்?" என்கிறாள். தெரியவில்லை என்று சொல்ல எண்ணுகிறேன். "தெரியுது" என்கிறது வாய். பேச்சி சிரித்துக்கொண்டே குமிழை இன்னும் கொஞ்சம் திருப்புகிறாள். என் சொல்லை எந்தப் பக்கமிருந்து வாசிக்க வேண்டும் என்பது அவளுக்கு ஏறத்தாழப் பழகிவிட்டது. பள்ளியில் என்னிடம் ஓடக் கற்றவள், ரிலேயில் இரண்டாவது ஆள், இப்போது பாளையங்கோட்டையில் சொந்தமாக இந்தப் பிசியோ நிலையத்தை வைத்திருக்கிறாள், நான் அவளிடம் நடக்கக் கற்கிறேன். அடுத்த படுக்கையில் முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொண்டிருக்கும் சுடலைமுத்து, பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர், சும்மா படுத்திருக்க மாட்டார். "ஏம்மா பேச்சி, இங்க வாரவன் பூராம் நொண்டிக்கிட்டு வாரான், நீ என்னடான்னா ஓடுத பிள்ளையளப் படம் போட்டு மாட்டி வச்சிருக்க. அதும் பாரு, எல்லாம் வாசலப் பாத்து ஓடுது. ஒன் வைத்தியத்துக்குப் பயந்தா?" "ஆமா ஐயா, அடுத்து நீங்கதான் ஓடப்போறிய, காலை அசைக்காமப் படுங்க." சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பியூலா சிரிக்கவில்லை. என் மகள். படத்தைச் செதுக்கியவள் அவள். அவள் மடியில் செல்போன் கவிழ்ந்து கிடக்கிறது. அதை அவள் பார்க்கவில்லை, பார்க்காமலிருப்பதற்கு அவ்வளவு முயற்சி எடுக்கிறாள் என்பது இங்கிருந்தே தெரிகிறது.

படம் எனக்கு நேர் எதிரே இருக்கிறது. கரண்ட் வைத்திருக்கும் நேரம் முழுவதும் தலையைத் திருப்பக் கூடாது என்பதால் அதைத்தான் பார்த்தாக வேண்டும், வாரக்கணக்காக அதைத்தான் பார்க்கிறேன். நான்கு பெண்கள். முகமில்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளைந்த வெள்ளை வெட்டு, அவ்வளவுதான். உடம்புகள் முன்னால் சரிந்து கத்திகளைப்போல நிற்கின்றன, ஒருத்தியின் முழங்கால் வளைவு அடுத்தவளின் தோள் வளைவாகிறது, அது அடுத்தவளின் முதுகாகிறது, ஆகவே நால்வரா அல்லது ஒருத்தியே நான்கு கணங்களில் நிற்கிறாளா என்று பார்க்கப் பார்க்கக் குழம்புகிறது. தரை வெறும் கோடுகள், வளைந்து போகும் பட்டைகள். கறுப்பும் செம்மண் சிவப்பும் மட்டுந்தான் மை. வெள்ளை என்று தெரிவதெல்லாம் மை படாத தாள், அதாவது உளி எடுத்துவிட்ட இடம். இதை அவள் எனக்கு ஒருமுறை விளக்கினாள், கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறையில்; சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தரைக்கு ஒட்டும் லினோ விரிப்பில் ஒரு துண்டை அடுப்பருகே வைத்து இளக்கி, உளியால் சுருள் சுருளாக எடுத்துக்கொண்டே, "எடுத்தது வெள்ளைம்மா, விட்டது கறுப்பு. அப்புறம் இங்க வலதுன்னா தாள்ல இடது. எல்லாத்தையும் திருப்பித்தான் நினைக்கணும்" என்றாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சரி என்றேன். தரையெல்லாம் ரப்பர் சுருளாக இருக்கிறதே, யார் பெருக்குவது என்று நினைத்தேன். அவள் கைகளை நான் கவனிக்கவில்லை. இப்போது கவனிக்கிறேன், பெஞ்சில், செல்போனின் இரு பக்கமும் இரண்டு கைகள், இடது கட்டைவிரலில் உளி தவறிய தழும்புகள். அந்தக் கைகள் என்னுடையவை என்று யாராவது சொன்னால் ஒருவேளை எளிதில் நம்பிவிடுவேன்.

திருப்பித்தான் நினைக்கணும். எனக்கு இப்போது அதுதான் வேலை. ஆனி மாதத்தில் ஒரு காலை, காப்பிக்குச் சர்க்கரை போடு என்று சொல்ல வாயெடுத்தேன், உப்புப் போடு என்றேன். பியூலா நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். நான் விளையாடும் ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தாள், அதற்குள் டம்ளர் என் கையிலிருந்து போய்விட்டது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு, ஆகவே வலக்கை, வலக்கால், பேச்சு என்று மருத்துவர் விரலால் தம் மண்டையிலேயே தொட்டுக் காட்டினார். பேச்சு போகவில்லை. போயிருந்தால் ஒரு நிம்மதி இருந்திருக்கும். உள்ளே சொற்கள் முன்பு இருந்த வரிசையில்தான் நிற்கின்றன, காலை அணிவகுப்பில் நிற்கும் பிள்ளைகளைப்போல. கதவைத் தாண்டும்போது மட்டும் ஒன்றுக்குப் பதில் அதன் எதிர்ச்சொல் வெளியே போய்விடுகிறது. சன்னலைத் திற என்று நினைத்தால் மூடு. வேண்டும் என்றால் வேண்டாம். போதகர் வீட்டுக்கு வந்து "சமாதானமா இருக்கியளாம்மா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்று நினைத்து இல்லை என்றேன். நெடுநேரம் ஜெபித்தார், ரசம் ஆறிப்போயிற்று. "டீச்சர் வேண்டாம்னா வேணும்னு அர்த்தம், அவ்வளவுதான், ஈசி" என்று பேச்சி ஒரு விதியே செய்துவிட்டாள். அந்த விதி எல்லா நாளும் செல்லுபடியானால் எனக்கும் எளிது. சில நாள் சொல் நேராகவே வந்துவிடுகிறது. நேற்று மாலை பியூலா "எம்மா, தோசை இன்னொண்ணு?" என்றாள், போதும் என்று நினைத்தேன், போதும் என்றே வந்தது, அவள் விதிப்படி இன்னொன்றை வைத்தாள், நான் அதைத் தின்றேன். ஒரு தோசையோடு போயிற்று. இன்றைக்கு அப்படிப் போகாது. இன்று காலை, ஆட்டோவில் ஏறுமுன், என் செருப்பை மாட்டிவிடக் குனிந்தவள் நிமிராமலே சொன்னாள்: பரோடாவிலிருந்து இன்று முற்பகலில் கூப்பிடுவார்கள், அச்சுப் பட்டறையை அவளே எடுத்து நடத்த வேண்டும், வருகிறாயா இல்லையா என்று இன்றே கேட்பார்கள், இல்லையென்றால் வேறொருவர் காத்திருக்கிறார். "ரூபி சித்தி சாயர்புரத்துல இருந்து வந்து ஒங்க கூட இருக்கேன்னுட்டாங்க. ஆனா நான் அதைக் கேக்கல. நீங்க சொல்லுங்கம்மா. இருன்னா இருப்பேன். போன்னா போவேன். ஒரு வார்த்தை." பிறகு நிமிர்ந்து, என் வாயைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆட்டோ வந்துவிட்டது.

ஒரு வார்த்தை. போ என்று சொல்ல வேண்டும். போ என்று எண்ணினால் இரு என்று வரும். அவள் விதிப்படி அதைத் திருப்பிப் போ என்று வாசிப்பாளா, அல்லது இது தோசை இல்லையே, இதில் அம்மா மனசு அறிந்து சொல்லியிருப்பாள் என்று நேராக வாசிப்பாளா. அவள் திருப்பி வாசிப்பாள் என்று நம்பி நான் போ என்று எண்ண, அந்த நேரம் பார்த்துச் சொல் நேராக வந்து போ என்றே விழுந்தால், அவள் அதையும் திருப்பி இரு என்று வாசித்துத் தொலைபேசியில் இல்லை என்று சொல்லிவிட்டால். அல்லது நானே லினோவில் செதுக்குகிறவளைப்போல முன்யோசனையாக இரு என்று எண்ணி, போ என்று அச்சாகட்டும் என்று விட்டால். விட்டால், அந்த இரு என்பதை எண்ணும்போது நான் அதை எண்ண மட்டும்தான் செய்வேனா. இங்கேதான் ஒவ்வொரு முறையும் இடறுகிறது. இரு என்று எண்ணிப் பார்த்தேன், ஒத்திகைக்காக, ஆட்டோவில், சமாதானபுரம் திருப்பத்தில். எண்ணியதும் உடம்பின் மரத்துப்போகாத பாதி முழுவதும் இளகி இறங்கிற்று, மரத்த பாதி ஒன்றும் சொல்லவில்லை. வாய் பிசகுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே, பிசகுவது வாய்தானா. ரூபி நல்லவள், ஆனால் காது மந்தம். விழுந்தால் நான் கூப்பிடுவது அவளுக்குக் கேட்காது, கேட்டாலும் நான் வராதே என்று கூப்பிட்டிருப்பேன். குளியலறையின் ஈரத் தரை கண்முன் வருகிறது, கன்னத்துக்குக் கீழே ஓடு, ஒரு கன்னத்துக்கு மட்டும் குளிர்ச்சி. இதை நினைக்கும்போது பயமாக இருக்க வேண்டும். பயம் பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுப்பதைப்போல இருக்கிறது, ஒலி வருகிறது, ஆள் வரவில்லை. பேச்சி தகடுகளைக் கழற்றுகிறாள். பஞ்சின் ஈரம் கையில் சதுரமாகப் பதிந்திருக்கிறது.

ஒருமுறை அவள் ஓட்டத்தை நான் நிறுத்தியிருக்கிறேன். அதனால்தான் இந்த ஒரு வார்த்தை இப்படிக் கனக்கிறது, வேறு யாராவது கேட்டிருந்தால் எப்படியோ உளறிவிட்டுப் போயிருப்பேன். மாவட்டப் போட்டிகளில் எங்களைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர்களையே நடுவர்களாக நிறுத்துவார்கள். அன்று வர வேண்டிய ஒருவர் வரவில்லை, ஆகவே பேட்டன் மாற்றும் இரண்டாவது எல்லைக்கு என்னை அனுப்பினார்கள், மைதானத்தின் உள்பக்கம், புல்லில், மஞ்சள் கொடியோடு. பேச்சி இரண்டாவது, பியூலா மூன்றாவது. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் கொடுக்கும்போது ஸ்டிக் என்று கத்துவார்கள். ஒரே நேரத்தில் எல்லாத் தடங்களிலும் ஸ்டிக் ஸ்டிக் என்று கேட்டால் எவள் யாருக்குக் கையை நீட்டுவது, அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு நான் வேறு சொல் வைத்திருந்தேன். இந்தா. கடலை விற்கிற மாதிரி இருக்கிறது என்று மற்றப் பள்ளிக்காரர்கள் கேலி செய்வார்கள். பேச்சியே ஒருநாள் பயிற்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள், "டீச்சர், இந்தாங்கிறதுல கடைசில தான்னுல்லா வருது? குடுக்கிறவ எதுக்குத் தா தான்னு கேக்கணும்?" எல்லோரும் சிரித்தார்கள், மைதானத்தைச் சுற்றி இன்னொரு முறை ஓடு என்றேன். ஓடினாள், இந்தா இந்தா என்று கத்திக்கொண்டே. அந்தச் சொல் கேட்டதும் முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. கை மட்டும் பின்னால் வர வேண்டும், உள்ளங்கை மேலாக, கட்டைவிரல் விலகி. திரும்பினால் ஓட்டம் போயிற்று என்று எத்தனை மாலை நின்று கத்தியிருப்பேன். அன்று இந்தா என்று கேட்டது. பியூலாவின் கை வந்தது. பேட்டன் போய்ச் சேருமுன் இருவரும் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். கொடி மேலே போயிற்று, எங்கள் அணி போட்டியிலிருந்தே போயிற்று. நான் தூக்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகப் போயிற்று, இந்தக் கைதான், இப்போது பேச்சி துடைத்துக்கொண்டிருக்கிற கை; அப்போதும் அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதன்பின் அந்த ஓட்டம் எத்தனையோ விதமாகச் சொல்லப்பட்டுவிட்டது, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். பேச்சி சொல்லும்போது அவள் கை வியர்த்திருந்தது, பேட்டன் வழுக்கியது, தப்பு அவளுடையது. முதலில் ஓடிய பெண் கலியாண வீடுகளில் சொல்லும்போது எங்கள் அணி பாதி மைதானம் முந்தியிருந்தது, கொடியே பொய். தலைமையாசிரியை சொன்னதில் நான் நேர்மையின் சிகரம், அதை அவர் ஆண்டுவிழாவில் மைக்கில் சொன்னபோது பியூலா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தன் சடை நுனியைப் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பியூலா சொல்லி நான் நேராகக் கேட்டதில்லை. பக்கத்து அறையிலிருந்து, தோழிகளிடம் சொல்லும்போது கேட்டிருக்கிறேன். "கோட்டத் தாண்டிட்டோம், கொடி தூக்கிட்டாங்க." தூக்கிட்டாங்க. யார் என்பது அவள் சொல்லும் கதையில் ஒருபோதும் இல்லை. அது என்னைக் காப்பாற்றும் விடுதலா, என்னை நீக்கிவிட்ட விடுதலா என்று அன்றே கேட்டிருக்கலாம். அவள் அதற்குப்பின் ஓடவில்லை. ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன் என்றாள், போ என்றேன், அப்போது போ என்பது போ என்றே வந்துகொண்டிருந்தது. கல்லூரியில் இந்தப் படத்தை அவள் அச்செடுத்தபோது அவளுடைய ஆசிரியர் பார்த்துவிட்டு, "எந்த மைதானத்துல இப்படி ஓடுதாங்க? வரைஞ்சதைத் திருப்பிப்போட மறந்துட்டியாக்கும்" என்றாராம். உண்மைதான், ஓட்டப்பந்தயத்தில் எல்லோரும் இடக்கை உள்பக்கமாகத்தான் சுற்றி வருவார்கள், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தால் நமக்கு முன்னால் இடமிருந்து வலமாகப் போவார்கள், செய்தித்தாள் படங்களெல்லாம் அப்படித்தான். இது வலமிருந்து இடமாகப் போகிறது. ஆசிரியரிடம் அவள் "ஆமா சார், மறந்துட்டேன்" என்றிருக்கிறாள். பேச்சி இந்த நிலையத்தைத் திறந்தபோது சட்டமிட்டுக் கொண்டுவந்து கொடுத்தவள், "வாசல் இடப்பக்கம் இருக்குல்லா, அதான் அப்படி ஓடுதாக" என்றிருக்கிறாள், நிலையம் கட்டப்படுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே செதுக்கிய படத்துக்கு. என்னிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிழை என்றே வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் பிழை செய்வார்கள்.

பேச்சி என்னைச் சக்கர நாற்காலியில் மாற்றி, பிடித்து நடை பழகும் இணைக்கம்பிகளின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறாள், அங்கிருந்துதான் எழுந்து நடக்க வேண்டும். படம் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது, கை நீட்டினால் தொடலாம், இடக்கை நீட்டினால். "ஏ பியூலா, இங்க வா. நீ கம்பிக்கு நடுவுல முன்னால நில்லு. டீச்சர் ஒன் முதுகப் பாத்துக்கிட்டே நடக்கட்டும். தரையப் பாத்துப் பாத்துதான் காலு பின்னுது." பியூலா எழுந்து வருகிறாள். செல்போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நிற்கிறாள். பிறகு, "நீங்க வச்சிருங்கம்மா" என்று என் மடியில் வைக்கிறாள், வலது தொடையின்மேல், அதன் எடை எனக்கு வராது என்பதை மறந்து. "இருங்க டீச்சர், இடுப்புப் பெல்ட்ட எடுத்துட்டு வந்துடுதேன்." பேச்சி உள்ளே போகிறாள். நான் படத்தைப் பார்க்கிறேன். முதல் பெண்ணின் மார்பில் எண், 27. அது நேராக இருக்கிறது. இவ்வளவு நாளும் தூரத்திலிருந்து அது வெள்ளைச் சிராய்ப்பாகத்தான் தெரிந்தது. எண் நேராக அச்சாக வேண்டுமானால் அவள் அதை லினோவில் திருப்பிச் செதுக்கியிருக்க வேண்டும். திருப்ப மறந்தவள் எண்ணை மட்டும் எப்படித் திருப்பினாள். எண்ணுக்கு நினைவு வந்து, ஓட்டத்துக்கு மறந்திருக்கலாம், அப்படியும் நடக்கும், எண் இடம்வலம் மாறினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்ற எச்சரிக்கை இருக்கும். ஆகவே இது மட்டும் போதாது. கைகளைப் பார்க்கிறேன். பேச்சி இடக்கையால் கொடுக்க, பியூலா வலக்கையால் வாங்க வேண்டும், நான் பழக்கிய முறை அது. வெளியே வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் அந்த இரண்டு கைகளும் உடம்புக்கு இந்தப் பக்கம், ஒளிவு மறைவில்லாமல் தெரியும். அதைத் திருப்பாமல் அச்செடுத்திருந்தால் திசைதான் மாறும், கைகள் அப்போதும் முன்னால்தான் இருக்கும். இங்கே கைகள் முன்னால் இல்லை. மூன்றாவது பெண்ணின் இடுப்பு மறைக்கிறது. இடுப்புக்கும் பின்னால் வரும் முழங்காலுக்கும் நடுவே ஒரு சிறிய முக்கோண இடைவெளி, அதில் பேட்டனின் ஒரு துண்டு, அதன்மேல் இரண்டு பேருடைய விரல்கள். இப்படி அது தெரிய வேண்டுமானால் மைதானத்துக்கு உள்ளே நிற்க வேண்டும். புல்லில். அந்த எல்லையில். உள்ளே நின்றவருக்கு அவர்கள் வலமிருந்து இடமாகத்தான் போனார்கள். உள்ளே நின்றது ஒரே ஒருத்தி.

அவள் மறக்கவில்லை. என் கண்ணில் ஏறி நின்று பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் நான் தேடாமல் தேடிய கொடியும் நடுவரும் படத்தில் இல்லாதது இதனால்தான். பார்க்கிறவள் எப்படிப் படத்துக்குள் இருப்பாள். கோட்டைத் தேடுகிறேன். தரையின் வளைந்த பட்டைகளுக்குக் குறுக்கே ஒரே ஒரு நேர்கோடு, மெல்லிய வெள்ளை, ஒரே இழுப்பில் எடுத்த உளித்தடம். பேட்டனுக்கு வலப்பக்கம் இருக்கிறது. அதாவது பின்னால். அவர்கள் தாண்டிவிட்டார்கள், தாண்டியபோது பேட்டன் இன்னும் இரண்டு கைகளிலும் இருக்கிறது. அவள் அதை மாற்றவில்லை. ஒரு விரற்கடை தள்ளிச் செதுக்கியிருந்தால் போதும், லினோதானே, யார் கேட்கப்போகிறார்கள். இதை நினைக்கும்போது என்னென்னவோ தோன்ற வேண்டும் என்று தெரிகிறது. கண்ணீருக்கான இடத்தில் ஈரப்பஞ்சின் சதுரம் இருக்கிறது. இடக்கண் மட்டும் கொஞ்சம் எரிகிறது. முன்னால் பியூலாவின் முதுகு, காட்டன் புடவையின் சிவப்புக் கரை, பின்கழுத்தில் நரைக்கத் தொடங்கிவிட்ட முடி. இது எப்போது நரைத்தது. கம்பியின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திரும்பவில்லை.

மடியில் புடவை நடுங்குவது தெரிகிறது. எனக்குக் குளிர்கிறதோ என்று முதலில் நினைக்கிறேன். பிறகு ஒலி வருகிறது, செல்போன் தொடையின்மேல் கவிழ்ந்த வண்டைப்போலச் சுற்றுகிறது, தொடைக்கு அது தெரியவில்லை. "எம்மா, போன் அடிக்கி, எடு பாப்பா" என்கிறார் சுடலைமுத்து. பியூலாவின் தோள்கள் ஏறி அங்கேயே நிற்கின்றன. "அவங்கதாம்மா" என்கிறாள், எதிர்ச்சுவரைப் பார்த்து. "சொல்லுங்க. இருக்கட்டுமா, போகட்டுமா." போ என்று எண்ண வேண்டும். இல்லை, இரு என்று எண்ண வேண்டும், போ என்று வருவதற்கு. வந்தாலும் அவள் அதை. எந்தப் பக்கம் நின்று வாசிப்பாள், உள்ளேயா வெளியேயா. வண்டு சுற்றிக்கொண்டே தொடையின் விளிம்புக்கு வருகிறது, விழப்போகிறது, விழுந்தால் நின்றுவிடும், நின்றால் வேறொருவர் காத்திருக்கிறார், இடக்கை போய் அதைப் பிடிக்கிறது. பிடித்ததும் உள்ளங்கை முழுவதும் அந்த நடுக்கம், சூடாக, உயிருள்ள எதையோ பிடித்ததுபோல. கை முன்னால் நீள்கிறது. உள்ளே எந்தச் சொல்லையும் நான் எடுக்கவில்லை, வரிசையில் நின்ற எவரையும் கூப்பிடவில்லை. வாய் திறந்தது.

"இந்தா."

தெளிவாக, மைதானத்தில் கேட்கும் குரலில். பியூலா திரும்பவில்லை. அவள் வலக்கை கம்பியை விட்டுப் பின்னால் வந்தது, உள்ளங்கை மேலாக, கட்டைவிரல் விலகி. வைத்தேன். விரல்கள் மூடின. முதல் எட்டு, இரண்டாவது எட்டு, கம்பிகளுக்கு வெளியே போய்விட்டாள், வாசல் வெளிச்சத்துக்குப் போன பிறகுதான் அதைக் காதில் வைத்தாள். "ஹலோ. ஆமா சார், பியூலா பேசுதேன். வாரேன் சார்." அங்கே தமிழ் தெரிந்த யாரோ போலிருக்கிறது, பிறகு இந்தியில் என்னவோ. பெல்ட்டோடு வந்த பேச்சி கதவருகில் நின்றுவிட்டாள். பியூலாவையும் என்னையும் நீட்டியபடி இருக்கும் என் இடக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தச் சொல் அவளுடையதும்தான். அருகில் வந்து நாற்காலியின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தாள். "சங்கடமா இருக்கா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டாள். "இல்ல" என்றேன். அதை எந்தப் பக்கமிருந்து வாசிப்பது என்று அவள் என் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உள்ளே பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. சுடலைமுத்து, "அந்தப் பிள்ள வாசலப் பாத்து ஓடிட்டே" என்றார். கையை இறக்க வேண்டும் என்று தோன்றிற்று. இறக்கவில்லை. பேட்டனைக் கொடுத்து முடித்தவள் உடனே விலகக் கூடாது, மற்றத் தடங்களில் வருகிறவர்கள் எல்லோரும் கடந்து போகும்வரை தன் தடத்திலேயே நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே நின்றேன்.